புங்கமரத்து நிழலில் நின்ற வண்டி

காலனிச் சங்கத்தின் பழைய செயலாளர் பொய் சொல்லியிருக்கிறார். தெரியாமல் வாய் தவறிச் சொன்ன பொய் இல்லை. மாலையைப் போட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தே சொன்ன பொய்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் கல்யாணக் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அதை இந்த வாரம் முடிப்பதாகத்தான் இருந்தேன். அது கிடக்கட்டும். கல்யாணம் நடந்துவிட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குப் பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். நானும் மகளோடு போனேன். செயலாளர் பேசினார்.

"இன்னிக்கு நமக்குப் பெரிய ஸ்டேஷன் இருக்கு, ஜீப் இருக்கு. அந்தக் காலத்துல ஒரே ஒரு போலீஸ்காரர். அவரும் தூங்கிட்டாரு. அவரோட சைக்கிள்தான் ரோந்து பார்த்துச்சு!"

பந்தலே சிரித்தது. என் மகளும் சிரிக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"யாரைம்மா சொல்றாரு?"

"உங்கப்பாவை."

அந்தப் போலீஸ்காரரின் பெயர் மாரிமுத்து. எழுதிவிட்டேன். அவர் இருந்தவரை ஒரு தடவைகூட அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுத வைத்துவிட்டார் செயலாளர்.

தள்ளத் தெரியும், ஏறத் தெரியாது

தொழிற்சாலையின் மத்தியானச் சங்கு ஊதி அடங்கியதும் நான் வீட்டைப் பூட்டுவேன். தஞ்சாவூர் ரோட்டில், காட்டூருக்கும் திருவெறும்பூருக்கும் நடுவில் எங்கள் போலீஸ் அவுட்போஸ்ட். அதற்குப் பின்னால் ஓடு போட்ட ஓர் அறை. அதுதான் வீடு. வாசலில் சர்க்கார் சைக்கிள் நிற்கும். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும்.

தூக்குவாளியைக் கைப்பிடியின் ஒரு பக்கம் மாட்டுவேன். மறுபக்கம் அவருடைய பழைய தொப்பி. இந்தக் காலத்துத் தொப்பி மாதிரி இல்லை. தலைப்பாகை மாதிரி மடிப்பு மடிப்பாக, சிவப்பாக உயர்ந்து நிற்கும். தெருக்கோடியில் போலீஸ் வந்தால் ஆளுக்கு முன்னால் தொப்பிதான் கண்ணில் படும்.

பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன். எனக்கு ஏறத் தெரியாது, தள்ளத் தெரியும். பெடல் கணுக்காலில் வந்து வந்து இடிக்கும். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. செம்மண் தெரு. இரண்டு பக்கமும் ஜல்லிக் குவியல், பாதி எழும்பிய சுவர்கள். புதுச் சுவருக்கு ஊற்றிய தண்ணீர் காய்கிற வாசனை. சக்கரம் டிக் டிக் என்று பேசிக்கொண்டே வரும். செயினுக்கு அவர் தேங்காயெண்ணெய்தான் விடுவார். வெயிலில் அந்த எண்ணெய் வாசனையும் தூக்கில் இருக்கும் ரசத்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். இப்போதுகூட எங்காவது சைக்கிள் கடையைத் தாண்டினால் எனக்குப் பசிக்கிறது.

காலனியின் நடுவே ஒரு புங்கமரம். வயலாக இருந்தபோதே நின்ற மரம். மனை போட்டவன் எப்படியோ வெட்டாமல் விட்டிருந்தான். அதன் நிழலில் ஸ்டாண்டு போடுவேன். தொப்பியை சீட்டின் மேல், தெருவைப் பார்த்து வைப்பேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாகக் காட்டூருக்கு நடப்பேன்.

அங்கே உய்யக்கொண்டான் வாய்க்கால் மதகில் அவர் இருப்பார். காட்டூர்த் தெருக்களைக் காலால் சுற்றிவிட்டு வந்திருப்பார்.

"வண்டி நிக்குதா?" என்பார்.

"நிக்குது."

"தொப்பி?"

"அதுவும் நிக்குது. நீங்க உக்காருங்க."

மதகில் உட்கார்ந்து சாப்பிடுவார். தண்ணீர் ஓடும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நாங்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசியது அங்கேதான். வீட்டில் இருந்தால் அவுட்போஸ்ட் வாசலில் யாராவது 'ஏட்டய்யா' என்று கூப்பிட்டுவிடுவார்கள். அவர் ஏட்டுகூட இல்லை, வெறும் கான்ஸ்டபிள். ஊர் கொடுத்த பதவி உயர்வு அது. சர்க்கார் கொடுக்கவில்லை.

ஆகாயம்வரை எழுதினார்கள்

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள்.

எங்கள் அவுட்போஸ்டுக்கு எத்தனை ஆள் என்று கணக்குப் போட்டது அங்கே வயலும் ரயில்வே கேட்டும் மட்டும் இருந்த காலத்தில். பிறகு தொழிற்சாலை வந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். மனை மனையாகப் பிரித்தார்கள். ரேஷன் கடை வந்தது, டென்ட் கொட்டகை வந்தது, பால் டிப்போ வந்தது. ஆள்கணக்கு மட்டும் வயலுக்குப் போட்டபடியே நின்றது.

அதிலும் பாதிதான் வந்தது. இவரும் இன்னொரு பெரியவரும். அந்தப் பெரியவரைக் கோர்ட் டியூட்டி, தபால் டியூட்டி என்று டவுனிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஆக மிஞ்சியது இவர் ஒருவர். காட்டூர் ஒரு பக்கம், ரயில்வே கேட் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம்.

திருட்டு நடந்ததெல்லாம் பகலில். ஆண்கள் தொழிற்சாலைக்குள் போனதும் காலனி வெறிச்சென்று இருக்கும். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். அப்போது கொல்லைக் கொடியில் காயும் புடவை போகும், கிணற்றடிக் குடம் போகும். திருடனும் ஷிப்ட் பார்த்துத்தான் வேலைக்கு வந்தான்.

ஆள் வேண்டும் என்று இவர் எழுதினார். இவருக்கு மேலே இருந்தவர் அவருக்கு மேலே எழுதினார். அவர் இன்னும் மேலே எழுதினார். ஆகாயம்வரை எழுதினார்கள். ஆள் வரவில்லை. ஒரு சைக்கிள் வந்தது. அதற்கும் பெல் இல்லை.

பெருமாளுக்கு இருந்த போலீஸ்

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி என்றால் இந்த ஒருவரையும் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் தொட்டியத்திலிருந்து என் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு நானும் ஸ்ரீரங்கம் போனேன். எங்கே பார்த்தாலும் போலீஸ் தொப்பி. எங்கள் பக்கம் ஒரு தொப்பிக்கு நாங்கள் தவம் கிடக்கிறோம், இங்கே தொப்பிக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சம் பக்தர்கள் தெரிகிறார்கள். நான் பெருமாளைக் குறை சொல்லவில்லை. அவரா கேட்டார்?

வரிசையில் நகர்ந்துகொண்டே போனால் இவர் நிற்கிறார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கட்டிப்போய், "தள்ளாதீங்க, தள்ளாதீங்க" என்கிறார். என்னைப் பார்த்தார். யாரோ மாதிரி, "தள்ளாதீங்கம்மா" என்றார். நான் அவர் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டியா?" என்றார்.

எனக்குப் பின்னால் ஒரு ஸ்ரீரங்கத்து மாமி. காது பாம்புக்காது.

"ஏன் ஏட்டு, எங்களையெல்லாம் சாப்ட்டேளான்னு கேக்கப்படாதா? இன்னிக்கு ஏகாதசி, நான் உபவாசம். அதையாவது கேளுங்கோ!"

வரிசை முழுக்கச் சிரித்தது. இவர் முகம் தொப்பியைவிடச் சிவந்துபோனது.

அடுத்த வருஷ ஏகாதசிக்கு நான் போகவில்லை. முந்தின நாளே மெஹருன்னிசா அக்கா வந்தார். புங்கமரத்துக்கு எதிர்வீடு அவருடையது. டவுனிலிருந்து குடிவந்தவர். வீட்டுக்காரர் பினாங்கில் கடையில் வேலை பார்த்தார். அக்கா ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார்.

"நாளைக்குப் போலீஸ் எல்லாம் கோயிலுக்குப் போயிடும்னு ஊருக்கே தெரியும், தங்கச்சி. காலனியில பாதி வீடு பூட்டிக் கிடக்கும். மீதியில நாங்க பொம்பளைங்கதான். என்ன செய்யப் போறே?"

என்னை எதற்குக் கேட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. போலீஸ்காரன் பெண்டாட்டியும் கொஞ்சம் போலீஸ்தான் என்று நினைத்தார் போலிருக்கிறது.

தொட்டியத்தில் என் அப்பா வாழைத்தோட்டம் வைத்திருந்தார். சந்தைக்குப் போகிற நாளில் தன் சட்டையைக் கழற்றி ஒரு கம்பில் மாட்டி, முண்டாசையும் சுற்றி, தோட்டத்தின் நடுவில் நட்டுவிட்டுப் போவார். தார் வெட்ட வருகிறவன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். பயப்படுகிறவனுக்குச் சட்டை போதும், ஆள் வேண்டாம்.

அதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் நிறுத்தினேன். தொப்பியை வைத்தேன். அக்கா தைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக வண்டிக்குக் காவல் இருந்தார். அன்றைக்குக் காலனியில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை.

செயலாளர் குடித்த காப்பி

இந்த விஷயம் செயலாளருக்கு அவர் வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். அப்போது அவருக்குச் சின்ன வயது. தொழிற்சாலையில் நல்ல உத்தியோகம். பேண்ட்டைச் சட்டைமேல் இழுத்துவிட்டுக்கொண்டே பேசுவார்.

ஒரு நாள் சாயங்காலம் வந்தார். அவுட்போஸ்டுக்குள் போகவில்லை. நேராக எங்கள் அறைக்கு வந்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"ஏகாதசி அன்னிக்கு ஒரு வேலை பண்ணீங்களாமே, பிரமாதம்! அதையே தினமும் பண்ணுங்க. நீங்க பாட்டுக்குக் காட்டூரைப் பாருங்க. எங்க தெருவுல வண்டி நின்னாப் போதும்."

இவர் தயங்கினார். "சர்க்கார் வண்டி சார். நான் இல்லாம அது வெளியே போனா தப்பு. யாராவது கேட்டா…"

"யாரு கேக்கப் போறா? கேட்டா நான் இருக்கேன்யா. சங்கம் இருக்கு."

காப்பி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அதையும் எழுதி வைக்கிறேன். பின்னால் அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லாமல் போனது.

அன்றிலிருந்து தினமும் தள்ளினேன். காலனியில் ஆண்களுக்கு வண்டி நிற்பது மட்டும் தெரியும். பெண்களுக்கு அதைத் தள்ளி வருகிறவள் யார் என்பதும் தெரியும். ஜன்னலுக்கு ஜன்னல் தெரியும். ஒருத்திகூட வெளியே சொன்னதில்லை. வெயிலில் நான் வரும்போது செயலாளர் வீட்டம்மாவே கதவைப் பாதி திறந்து கூப்பிடுவார்.

"செல்லம், நில்லு. ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போ. ஏட்டய்யா எங்கேயும் ஓடிட மாட்டாரு, இதோ நிக்கிறாரே!"

தொப்பியைக் காட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

மெஹருன்னிசா அக்கா ரவிக்கை வெட்டின பச்சைத் துணியில் சீட்டுக்கு ஒரு உறை தைத்துப் போட்டார். டவுனிலிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, வண்டிக்கு சீமந்தமா?" என்றார். இவர் வெட்கப்பட்டார். ஆனால் உறையைக் கழற்றவில்லை.

நிழல்

எங்களுக்கு வினையாக வந்தது நிழல்தான்.

வண்டியை ஒரு நாள் ஒரு தெருவில், ஒரு நாள் இன்னொரு தெருவில் மாற்றி மாற்றி நிறுத்தியிருக்கலாமே என்று பின்னால் நிறையப் பேர் புத்தி சொன்னார்கள். சொல்ல எளிது. திருச்சி வெயிலில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். ட்யூப் வெடிக்கும். சர்க்கார் ட்யூப் வெடித்தால் எழுதிக் கேட்க வேண்டும். எழுதிக் கேட்டு அது வருவதற்குள் மாரியம்மன் திருவிழா வந்து போய்விடும். அதுவரை வண்டி திண்டாட்டம். காலனி முழுவதற்கும் ஒரே மரம். ஆகையால் ஒரே மரத்தடி. அங்கே நிறுத்தியது தப்பு என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்னொரு ட்யூப் கொடுக்காதவன் செய்த தப்பு அது.

செயலாளர் குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பட்டப்பகலில் கொல்லைக் கதவைப் பெயர்த்து, வெள்ளிக் குடத்தையும் பெரிய பித்தளை அண்டாவையும் கொண்டுபோய்விட்டார்கள்.

'என் ஏற்பாட்டில் காலனியில் எப்போதும் போலீஸ் நிற்கிறது' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது அவர் வீட்டிலேயே அண்டா இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பை வேறு யார் மேலாவது தள்ளிவிட வேண்டும். தள்ளினார்.

மனு எழுதிக் கொடுத்தார். திருட்டுப் போன நேரத்தில் போலீஸ்காரரின் வண்டி, புருஷன் வெளிதேசத்தில் இருக்க, தனியாக வசிக்கும் ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்றதாம். தினமும் நிற்கிறதாம். போலீஸ்காரர் தெருவில் இல்லையாம். அப்படியானால் எங்கே என்பதை மேலதிகாரிகள் யோசித்துக்கொள்ள வேண்டுமாம்.

எனக்குச் சந்தேகம் வந்ததா என்று அப்போது ஒருத்தி கேட்டாள். அடிப்பாவி, அந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினவளே நான்தானே!

பெஞ்சும் நாற்காலியும்

டவுனிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கு நாற்காலி. செயலாளருக்கு நாற்காலி. எழுதுகிற போலீஸ்காரருக்குப் பெஞ்சு. இவர் நின்றார். நான் பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"வண்டி எங்கய்யா நின்னுச்சு?"

"புங்கமரத்தடியில, ஐயா."

"நீ?"

"காட்டூர் ரோந்துல, ஐயா. நடந்து போனேன்."

"வண்டியை நிறுத்திட்டு நடந்து போனியா? ஏன், வண்டிக்குக் கால் வலிச்சுதா?"

எழுதுகிறவர் சிரித்தார். இவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போனேன்.

"வண்டியை நிறுத்தினது நாந்தாங்க."

"நீ யாரும்மா?"

"இவரு சம்சாரம். தினமும் தள்ளிட்டுப் போயி நிறுத்துறது நான். இந்த சாருதான் நிறுத்தச் சொன்னாரு. 'கேட்டா நான் இருக்கேன்'னு சொன்னாரு. கேளுங்க. இங்கதான இருக்காரு!"

செயலாளர் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். புருஷனைக் காப்பாத்தப் பொம்பளை ஏதோ பேசுது."

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு அன்றைக்கே முடிக்க வேண்டும்.

"இந்தம்மா பேச்சை மட்டும் வச்சு நான் எழுத முடியாது. அந்த எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிடுங்க. அவங்க வாக்குமூலம் குடுக்கட்டும். பேரு, புருஷன் பேரு, எல்லாம் எழுதிக்கலாம்."

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார்.

"வேண்டாம், ஐயா. நான் தூங்கிட்டேன்."

"என்னது?"

"காட்டூர்ல மதகுப் பக்கம் மரத்தடியில தூங்கிட்டேன், ஐயா. அதுதான் உண்மை. வண்டியை நானே நிறுத்திட்டுப் போனேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க பேரு எதுலயும் வேண்டாம்."

நான் கத்தினேன். என்னை உள்ளே போகச் சொன்னார்கள். எழுதுகிறவர் எழுதினார். காலனியில் ஜன்னலுக்கு ஜன்னல் சாட்சி இருந்தது. ஒரு பெண்ணையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

பாயைப் போடு

அவர்கள் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க? உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"செல்லம், அந்தம்மா வீட்டுக்காரரு கடல் தாண்டி இருக்காரு. போலீஸ் பேப்பர்ல பேரு ஏறினா, இங்கேருந்து எவனாவது ஒருத்தன் அவருக்கு எழுதிப் போட்டுடுவான். அங்கேருந்து வந்து விசாரிக்கவா முடியும்? ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்கு."

"அதுக்காக நீங்க தூங்குமூஞ்சின்னு பேரு வாங்கணுமா?"

"ஒரு போலீஸ்காரன் தூங்கினான்னா எவன் குடி கெடும்?" என்றார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தூங்கினேன்னு எழுதிட்டாங்க. இனிமே தூங்காம இருந்தாத்தான் பொய். பாயைப் போடு," என்றார்.

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. பாயைப் போடவில்லை.

தண்டனை கொடுத்து வேறு ஊருக்கு மாற்றினார்கள். வண்டியை டவுனுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அந்தப் பச்சை உறையைப் பிடுங்கித் தரையில் போட்டார்கள். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மெஹருன்னிசா அக்கா வந்து இவர் முன்னால் நின்றார்.

"எனக்காக ஏன் தம்பி உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்க? கூப்பிட்டிருந்தா வந்து சொல்லியிருப்பேனே."

"வருவீங்கன்னு தெரியும்க்கா. அதான் கூப்பிட விடல."

அதற்கப்புறம் காலனிக்கு ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. நிறையத் திருட்டுப் போன பிறகுதான் ஸ்டேஷன் வந்தது.

பாயைப் போடு என்று சொன்ன மனுஷர், அதற்குப் பிறகு பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. போன ஸ்டேஷனிலெல்லாம் 'தூங்குமூஞ்சி' என்ற பெயர் அவருக்கு முன்னால் போய் நின்றது. காய்ச்சலில் நெருப்பாகக் கொதித்தாலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ரிட்டயர் ஆன பிறகும் அப்படித்தான். மத்தியானத்தில் கண் சொக்கும். "கொஞ்சம் படுங்களேன்" என்பேன். "யாராவது பார்த்தா?" என்பார். வீட்டில் என்னைத் தவிர யார் இருந்தார்கள் பார்க்க?

முதல் முறையாக அவர் பகலில் படுத்தது, எழுந்திருக்காத அன்றைக்குத்தான்.

மைக்கில் சொன்னதற்கு

இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் பேருக்காக அவர் விட்டுக்கொடுத்ததை நான் கலைக்கக் கூடாது என்று இருந்தேன். விழா முடிந்த மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். பாலக்கரையில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை. என் குரலை வைத்துத்தான் கண்டுகொண்டார். நடந்ததைச் சொன்னேன்.

"எம் பேரைப் போட்டே எழுது, தங்கச்சி. எங்க வீட்டுக்காரரும் மௌத்தாயிட்டாரு, புள்ளைங்களும் பேரன் பேத்தி எடுத்தாச்சு. இனிமே எம் பேருக்கு என்ன பயம்? அந்தத் தம்பி பேருதான் பாக்கி."

அதனால் எழுதிவிட்டேன்.

இனிமேல் செயலாளருக்கு. ஐயா, உங்கள் பெயரை நான் போடவில்லை. ஆசிரியர் வேண்டாம் என்றார். உங்களுக்கே தெரியும் நீங்கள்தான் என்று.

விழாவில் நீங்கள் பேசியபோது உங்கள் வீட்டம்மா முன்வரிசையில் இருந்தார். பந்தல் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் டம்ளர் மோரை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். மாலையும் வேண்டாம். என் வீட்டில் என் காப்பியைக் குடித்துவிட்டு, "கேட்டா நான் இருக்கேன்" என்று சொன்னீர்களா, இல்லையா? கேட்டார்களே, எங்கே இருந்தீர்கள்?

பதிலை என் வீட்டுக்கு வந்து காதோடு சொல்ல வேண்டாம். சிரித்தது ஒரு பந்தல். அதனால் எல்லாரும் படிக்கும்படி இந்தப் பத்திரிகையில் எழுதுங்கள். மாரிமுத்து தூங்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுத உட்காரும்போது உங்கள் வீட்டம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்தில் அவர் தூங்கினவர் இல்லை. ஜன்னலில் நின்று பார்த்தவர்.

எழுதுங்கள். என் மகளும் படிக்கக் காத்திருக்கிறாள்.